நீர்முள்ளிக்கு வந்த வண்டுகள்

எங்கள் ஏரியின் நீர்முள்ளிப் பூவுக்கு எந்த வண்டு எந்த நேரத்தில் வரும் என்று கண்டுபிடித்தவன் நான்தான் என்று கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். கண்டுபிடித்தவள் என் மனைவி. அந்தப் பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் நான் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எழுபதுகளின் தொடக்கம். சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மனைவி வல்லத்துப் பக்கத்துப் பெண். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒரு கறவை மாடு இருந்தது. நான் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினால், அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் புல்லறுக்கப் போவாள். சாயங்காலம் நான் வந்ததும் காப்பி தருவாள். பெரிதாகப் பேச்சு இருக்காது. அவளுக்குப் பேச வராது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு மெட்ராஸில் பத்து நாள் வகுப்பு வைத்தார்கள். பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா வந்து பேசினார். நாற்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, கட்டைக் குரல். பேச்சின் நடுவில், "உங்கள்ல யார் ஊர்லயாவது நீர்முள்ளி நிறைய இருக்கா?" என்று கேட்டார். நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

"எங்க ஏரியில, கலங்கலுக்குக் கீழ, எங்க பார்த்தாலும் அதான் மேடம்."

நீர்முள்ளி இடுப்புயரத்துக்கு வளரும் செடி. தண்ணீர் தேங்கிக் காய்கிற பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும். தண்டில் கணுவுக்குக் கணு மஞ்சள் நிறத்தில் நீளமான முள் சுற்றி நிற்கும். அந்த முள்ளுக்கு நடுவில்தான் ஊதா நிறப் பூ, இரண்டு உதடு திறந்த மாதிரி. ஆவணியில் பூக்க ஆரம்பித்துவிடும். கால் வீங்கினால் அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆவணியில் வந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, நான் ஒரு விஞ்ஞானியாகவே ஆகிவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் ஒரு பூதக்கண்ணாடியும் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பூதக்கண்ணாடியை என் மனைவி எடுத்துப் பார்த்தாள். "கீழ போட்டுடப் போறே" என்று வாங்கி உள்ளே வைத்தேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, ரோட்டில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்தார். அவரை, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம் அழைத்துப் போய், மகரந்தம், சூலகம் என்று பாடப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பூச்சிங்க எந்த நேரத்துல வருது மாஸ்டர்?" என்றார்.

"காலையில மேடம்" என்றேன்.

எங்களுக்கு மோர் கொண்டுவந்திருந்த என் மனைவி பின்னால் நின்று சிரித்துவிட்டாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பூச்சியக் கேக்கறீங்கம்மா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைம் கீதே" என்றாள் என் மனைவி. "கருவண்டு வெயில் ஏறினாத்தான் வரும். கொசுத்தேனீ பகலெல்லாம் மேஞ்சிக்கினே இருக்கும். இந்தப் பட்டைக்காரன் கீறானே, அவன் பனி காயறதுக்குள்ள வந்து ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் பூடுவான்."

"பட்டைக்காரன்னா?"

"வவுத்துல நீலமா கோடு கோடா பட்டை போட்டுக்கினு இருப்பாம்மா. ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

அந்த அம்மா மோர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க இதெல்லாம் எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார். நீங்க என்றார். என் மனைவியை யாரும் நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"புல்லறுக்கறப்பதாம்மா. கையில முள்ளு குத்தாம அறுக்கணும்னா செடியப் பார்த்துக்கினேதான் அறுக்கணும்." பிறகு குனிந்து ஒரு பூவைப் பறித்தாள். "இந்தக் கருவண்டு கீதே, அது திருட்டுப்பய வண்டும்மா. வாசப்படி வழியா வராது. மண்டை பெருசு, நுழையாது. பொறக்கடையில ஓட்டை போட்டுக் குடிச்சிட்டுப் பூடும். இங்க பாருங்க."

பூவின் அடியில், காம்புக்கு மேலே, நகத்தால் கீறியது போல ஒரு சின்னப் பிளவு. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இதை நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

"கவனிச்சிருக்கேன் மேடம்" என்றேன். வாழ்நாளில் கவனித்ததில்லை.

அன்று அந்த அம்மா மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டார். என் மனைவி, "சாயங்காலம் இருந்தீங்கன்னா அவனுங்க தூங்கறதக் காட்டுவேன்" என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் வாய்க்கால் ஓரம் ஒரு காய்ந்த தண்டைக் காட்டினாள். அதில் ஏழெட்டு நீலப்பட்டை வண்டுகள் வரிசையாக, தண்டை வாயால் கடித்துக்கொண்டு, காலை மடக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் தூக்கம். அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் கிசுகிசுவென்று பேசிச் சிரித்தார்கள். நான் கரைமேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஏரிக்கரையில்தான் நான் பிறந்தது, வளர்ந்தது, குளித்தது எல்லாம். அந்த வண்டு தூங்குவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போகும்முன் ஏற்பாடு ஒன்று செய்தார். மூன்று செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்தார். தினமும் காலையில் என் மனைவி அதன் முன்னால் உட்கார்ந்து, பூவுக்குள் நேராக நுழையும் வண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டாங்குச்சியில் கூழாங்கல் போட வேண்டும். அடியில் ஓட்டை போட்டுத் திருடும் வண்டுக்கு இன்னொரு கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டை. சாயங்காலம் நான் வந்து இரண்டையும் எண்ணி நோட்டில் இங்கிலீஷில் எழுதி வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை அவர் வந்து பார்ப்பார்.

எழுத்து வேலை எனக்கு. விஞ்ஞானம் அவளுக்கு. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அதன் பிறகு என் மனைவி பேச ஆரம்பித்தாள். சோறு போடும்போது பேசினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பேசினாள். "இன்னிக்கு மூணாஞ்செடியில ஒரு சண்டைங்க, பட்டைக்காரன் கருவண்ட விரட்டிக்கினே போறான்" என்பாள். நாலு வருஷமாக இந்தப் பேச்செல்லாம் எங்கே இருந்தது? "டீச்சரம்மா கேப்பாங்க, அவங்களுக்குச் சொல்லணும்" என்று அவளே முடித்துவிடுவாள். எனக்குச் சொல்வது அவருக்குச் சொல்வதற்கான ஒத்திகை.

சனிக்கிழமை வந்தால் விடியும்போதே தலைக்குக் குளித்துவிடுவாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுப்பாள். இரண்டாவது முறை வந்தபோது அந்த அம்மா அவளுக்குக் கறுப்புக் கயிறு கோத்த ஒரு சின்ன லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் பெண்களெல்லாம் அதைச் சுற்றி நின்றார்கள். நான் வாங்கிய பூதக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வேறு ஆம்பளை மேல் பொறாமை என்றால் யாரிடமாவது சொல்லி அழலாம், சண்டை போடலாம். ஒரு பொம்பளை என் மனைவியிடம் கேள்வி கேட்கிறாள், என் மனைவி பதில் சொல்கிறாள், அதனால் எனக்கு நெஞ்சு எரிகிறது என்று யாரிடம் சொல்வது? அதுவும் யார் மேல் எரிகிறது என்று எனக்கே தெளிவாக இல்லை. சில நாள் அந்த அம்மா மேல். பல நாள் இவள் மேல்.

புரட்டாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னா சார், ஆராய்ச்சி பண்றது உங்க வூட்டம்மாவாமே? நீங்க கிளார்க்காமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் தின்பண்டம் மாதிரி இரண்டு கொட்டாங்குச்சியையும் முன்னால் வைத்துவிட்டு அவள் பால் கறக்கப் போனாள். எண்ணினேன். கூழாங்கல் அதிகம், புளியங்கொட்டை குறைவு. நோட்டைத் திறந்து, கூழாங்கல் எண்ணிக்கையைத் திருட்டு வண்டுக்குரிய பத்தியில் எழுதினேன். புளியங்கொட்டையை நேர்வழி வண்டுக்குரிய பத்தியில் எழுதினேன். மணிமணியாக எழுதினேன். மறுநாளும் அப்படியே. அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளும், நல்ல மழை பெய்த இரண்டு நாளும்கூட, கொட்டாங்குச்சி காலியாக இருந்தபோதும், ஏதோ ஒரு எண்ணை நானே போட்டு நிரப்பினேன். அந்த இரண்டு வாரம் எனக்கு ஒரு விதமான நிம்மதி இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அவள் சோற்றுக்கு நடுவில் பேசும்போதெல்லாம் சிரித்த முகமாகக் கேட்டேன்.

அந்த அம்மா வந்தார். கரைமேல் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"போன தடவை வரைக்கும் நேரா நுழையற வண்டுதான் அதிகம். இந்த ரெண்டு வாரமா அப்படியே தலைகீழா இருக்கே?" என்று என் மனைவியைப் பார்த்தார். "ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"இல்லியேம்மா. எப்பவும் போலத்தான். கல்லுதான் ரொம்பும்."

நோட்டை அவளிடம் காட்டினார். தலைப்பு இங்கிலீஷில் இருந்தது. எண் அவளுக்குத் தெரியும், அன்றன்றைக்குப் போட்ட கல்லின் கணக்கும் மனதில் இருந்தது. விரலை வைத்தாள். "இது கல்லு. செவ்வாக்கெழம. இது கொட்டை." அவள் கல் என்று காட்டிய எண் திருட்டுப் பத்தியில் இருந்தது. அந்த அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "அவ வேலை நடுவுல எண்ணறா மேடம். கொட்டாங்குச்சியை மாத்திப் போட்டிருப்பா. படிக்காதவதானே, எவ்வளவு நம்பறது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்க்காமலே கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றி நீட்டினாள். "வச்சிக்கோங்கம்மா. நான் சரியா எண்ணல போல கீது."

அந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னாத்துக்கு அப்டி சொன்னீங்க?"

"தப்பா எண்ணியிருப்பே."

"நானா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அழவும் இல்லை. பழையபடி காப்பி தந்தாள், சோறு போட்டாள். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, துணி கட்டிய செடி மூன்றும் தண்ணீருக்குள் போயின. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குத் தண்டனையாக இருந்தது. அவள் புல்லறுக்க ஏரிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். வயல் வரப்பில் அறுத்தாள்.

அடுத்த ஆவணி வந்தது. அந்த அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. செடிகள் பூத்துவிட்டனவா, இந்த வருஷமும் வரலாமா என்று. ஒரு வாரம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் அவருடைய அறையில் காய்ந்த செடிகள் பேப்பரில் ஒட்டி அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். "நோட்டுல தப்பு பண்ணது அவ இல்ல மேடம். நான்தான் மாத்தி எழுதினேன்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும் மாஸ்டர். மழை பெஞ்ச நாள்லகூட நிறைய வண்டு வந்ததா எழுதியிருந்தீங்க. மழையில எந்த வண்டு வரும்? அவங்களா இருந்தா அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பாங்க."

"தெரிஞ்சும் ஏன் மேடம் கேக்கல?"

"உங்க வீட்டு விஷயம்னு பட்டுது. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவளுக்குத் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியறது வேற. நீங்க சொல்றது வேற" என்றார். அவ்வளவுதான். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவள் வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடம் போகாமல் நான் வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "இன்னாங்க, உடம்புக்கு இன்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. போன வருஷம் நான்தான் மாத்தி எழுதினேன். வேணும்னே எழுதினேன்."

"தெரியுமே" என்று அரிவாளைக் கீழே வைத்தாள். "எதுக்குன்னுதான் தெரியல."

"உன்னைப் பார்த்து வயிறெரிஞ்சுது."

"என்னைப் பார்த்தா?" அவளுக்குப் புரியவே இல்லை. "எங்கிட்ட இன்னா கீதுன்னு எரிஞ்சீங்க?"

"அவங்க கேக்கறாங்க. நீ சொல்றே. எனக்கு அதெல்லாம் நீ சொன்னதே இல்ல."

குனிந்து புல்கட்டை இறுக்கிக் கட்டினாள். "நீங்க கேட்டதே இல்லியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வரச்சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வரச் சொல்லுங்க. ஆனா நோட்டு என் கையில இருக்கும். எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானே எழுதுவேன். நீங்க தொடக் கூடாது."

அந்த வருஷம் அவளே எழுதினாள். தலைப்புக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த கதவும் ஒரு பக்கம் சுவரில் ஓட்டையும் படம் போட்டுக்கொண்டாள். மழை நாளில் குடை படம். அந்த அம்மா வந்தால் இருவரும் கலங்கலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் வீட்டில் சோறு வடித்து வைப்பேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சோறு வடிக்கும்போது அவர்களுடைய சிரிப்பு கரையைத் தாண்டி வரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வயிற்றில் அதே எரிச்சல். எழுதும் நோட்டு என் கையில் இல்லை என்பதுதான் வித்தியாசம். சில சமயம் அவளிடமே கேட்பேன். "இன்னிக்கு எவ்வளவு?" சில நாள் சொல்வாள். சில நாள், "டீச்சரம்மாகிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்பால சொல்றேன்" என்பாள்.

மூன்று ஆவணி இப்படிப் போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஒரு பழுப்பு நிறக் கவரைக் கொடுத்தார். மேலே என் மனைவியின் பெயர். எங்கள் வீட்டுக்கு அவள் பெயரில் வந்த முதல் தபால் அது. மத்தியானம் முழுவதும் அது என் மேஜைமேல் இருந்தது. சாயங்காலம் ஏரிக்கரை வழியாக வரும்போது சைக்கிளை நிறுத்தினேன். கவரைக் கையில் எடுத்தேன். தண்ணீர் பக்கத்தில்தான் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அதில் எறிந்துவிடலாம் என்றுதான் என் புத்தி போயிற்று. பிறகு கேரியரில் வைத்து வீட்டுக்கு வந்து அவளிடம் கொடுத்தேன்.

பிரித்தாள். இங்கிலீஷில் அச்சடித்த ஆறேழு பக்கம். நடுவில் நீர்முள்ளிப் பூவின் கோட்டுப் படம், அடியில் பிளவோடு. அந்தப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "படிங்க."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பல சொல் எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நன்றி என்று இருந்தது. தாண்டிப் போயிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. வாசித்தேன். இந்த வண்டுகளின் பழக்கத்தை முதலில் கவனித்துச் சொன்னவரும், மூன்று பருவங்கள் எண்ணிக்கை எடுத்தவரும் இவர் என்று போட்டு, திருமதி என்று அவள் பெயரும் எங்கள் ஊர் பெயரும் இருந்தன.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"உங்க பேரு கீதா அதுல?"

"இல்ல."

யோசித்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "மொதல் வருஷம் பாதி நோட்டு நீங்கதான எழுதினீங்க? நல்லா எழுதினதும் கீதே. டீச்சரம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வாட்டி போடுவாங்க. சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். எனக்காகச் சொல்லி வாங்கித் தரும் இடத்தில் அவள் இருந்தாள். அதற்கும் எனக்கு எரிந்தது. அவள் பக்கங்களை மறுபடி கவருக்குள் போட்டு, அரிசிப்பானைக்கு மேலே சுவர்ப் பலகையில் வைத்துவிட்டு மாட்டைக் கட்டப் போனாள்.